குதிரை லத்தியைப் பார்க்காமல் கூட்டித் தள்ளிய மாலை

மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி மகம் அன்று, இரவு பதினொன்றரை மணி இருக்கும், எங்கள் குதிரை செல்லி மேலுதட்டைச் சுருட்டி, பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. குதிரை சிரிக்கிறது என்று சொல்லி, கூட வேலை பார்க்கும் பையன் போனில் படம் எடுத்தான். நானும் பார்த்துச் சிரித்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை. அது சிரிப்பில்லை, வயிற்றுவலி என்று தெரிய எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா போனது, ஆனால் வீட்டை விட்டுக் குதிரை போகவில்லை. எனக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, அதுபோக இரண்டு மட்டக்குதிரைகள். சனி, ஞாயிறு சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சவாரி, முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பு. நான் மருத்துவரும் இல்லை, பெரிய பண்ணைக்காரனும் இல்லை. இங்கே எழுதுவது பட்டுத் தெரிந்துகொண்டதும், எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருப்பதும்தான்.

மாசி மகம் என்றால் எங்கள் கடற்கரை எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், மணல் தெரியாத கூட்டம். வருடத்தில் அந்த ஒரு நாள் சவாரியில் ஒரு மாத வருமானம் வந்துவிடும் என்பதால் காலை ஏழு மணியிலிருந்தே செல்லியை நிறுத்திவிட்டேன். வெயில் ஏறியது. பக்கத்தில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தோம், உப்புக் கரிக்கும் தண்ணீர், மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தாகம் எடுத்தா தானா குடிக்கும்ணே" என்றான் பையன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூட்டத்தில் குழந்தைகள் சோளக்கதிர், சுண்டல், பிஸ்கட் என்று எதையெதையோ ஊட்டின. மதியம் கொஞ்ச நேரம் ஓய்வில், வீட்டிலிருந்து கொண்டுபோன கடலைக்கொடியை மணலிலேயே போட்டேன். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லாயத்துக்கு ஓட்டி வந்தோம். வந்ததும், காலையில் கிளம்பும்போது விட்டுப்போன லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, கூட்டினேன். நான்கைந்து உருண்டைகள், வழக்கத்தைவிடச் சின்னது, காய்ந்து, துடைப்பம் பட்டதும் நறநறவென்று சத்தம். இன்றைக்கு வேலை குறைவு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

உதட்டைச் சுருட்டிய பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரியே இருக்கும். தவிட்டுத் தொட்டியில் வாய் வைத்துவிட்டு எடுத்துவிட்டது. வலது பக்க விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, ஈ கடிக்கிறது என்று நினைத்தோம். முன்னங்காலால் தரையைப் பறித்தது. பின்னங்கால்களை அகட்டி, முதுகை நீட்டி மூத்திரம் போவது மாதிரி நின்றது, ஆனால் போகவில்லை. படுத்தது, எழுந்தது, படுத்தது. ஒரு மணி வாக்கில் பையன் ஓடிவந்து கதவைத் தட்டினான், "அண்ணே, செல்லி உருளுது."

போய்ப் பார்த்தால் கழுத்தெல்லாம் வியர்வை. அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சூலைடா இது" என்றார். எங்கள் பக்கத்தில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலிக்கு அதுதான் பேர். இதோ இருக்கிற திருவதிகையில் அப்பர் சாமிக்குத் தீர்ந்ததும் சூலைதானே. அப்பா உடனே அடுப்பில் நல்லெண்ணெயை வைத்து, ஓமமும் பெருங்காயமும் தட்டிப் போட ஆரம்பித்துவிட்டார். பரண் மேல் இருந்த மூங்கில் குழாயும் கீழே வந்தது. தாத்தா காலத்துப் பழக்கம், வாயில் குழாயைச் செருகித் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவது. பக்கத்து வீட்டுக்காரர் அவர் பங்குக்கு, மாட்டுக்குப் போட்டு மிச்சம் இருக்கிறது என்று ஒரு டைக்ளோஃபெனாக் ஊசியைக் கொண்டு வந்தார். கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அதைப் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். இது எனக்கே அப்புறம்தான் தெரியும்.

நான் புதுச்சேரியில் இருக்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் எடுத்தார்களே, அதற்கே கும்பிட வேண்டும். முதல் கேள்வியே இதுதான்: "கடைசியா எத்தனை மணிக்கு லத்தி போட்டுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாள் முழுக்க அதன் கூடவே நின்றவன் நான்.

"சரி, தொட்டியில இருக்கிற தீனிய எடுத்துடுங்க. வாய் வழியா எதுவும் ஊத்தாதீங்க, எண்ணெய் கூடாது, கஷாயம் கூடாது, ஊசி கூடாது. நாடி பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். தாடை எலும்புக்குக் கீழே, உள்பக்கமாக விரலை வைத்துத் தடவினால் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய் உருளும், அதை லேசாக எலும்போடு அழுத்தினால் துடிப்பு தெரியும். கை நடுக்கத்தில் எனக்குக் கிடைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. 15 வினாடிக்கு 14, அதாவது நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு 28-லிருந்து 44 வரைதான் இருக்க வேண்டும், மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். 60-ஐத் தாண்டி, அங்கேயே நின்றால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஈறு. உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். செங்கல் சிவப்போ, நீலம் பாய்ந்ததோ என்றால் நேரம் இல்லை என்று அர்த்தம். அப்புறம் விலாவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். நல்லா இருக்கும் குதிரைக்குக் கடகடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். செல்லிக்கு வலது பக்கம் சத்தமே இல்லை, காலி மண்பானையில் காது வைத்த மாதிரி.

நடத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுவலி வந்த குதிரையை விடிய விடிய நடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம், உட்கார விட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்பார்கள். டாக்டரம்மா சொன்னது வேறு. பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம், நல்லது. அமைதியாகப் படுத்தால் படுக்க விடலாம். முறுக்கு விழுந்ததால் வலி தாங்காமல் உருளுவதுதான் பெரும்பாலும், உருண்டதால் முறுக்கு விழுந்தது என்று சொல்ல முடியாது. மணிக்கணக்காக நடத்தினால் ஏற்கெனவே களைத்த உடம்பு இன்னும் களைக்கும், அவ்வளவுதான். ரொம்ப மூர்க்கமாக உருண்டால் நீங்கள் தள்ளி நில்லுங்கள், காலில் லாடம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இரண்டரை மணிக்கு டாக்டரம்மா வந்து சேர்ந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, காய்ச்சல் பார்த்து, கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் குடலைத் தடவிப் பார்த்து, ரத்தக்குழாயில் ஃப்ளூனிக்ஸின் ஊசி போட்டார்கள். இது குதிரைக்கான வலி மருந்து. தசையில் போட்டால் சில குதிரைகளுக்கு அந்த இடமே அழுகிப்போகும் என்பதால் நாம் கையில் எடுக்கக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு, வலியை அமுக்கிவிட்டால் உள்ளே குடல் முறுக்கி அழுகிக்கொண்டிருப்பதுகூட வெளியே தெரியாது. வலி திடீரென்று நின்று, குதிரை சோர்ந்து, குளிர்ந்த வியர்வையோடு நின்றால் சந்தோஷப்பட வேண்டாம், வயிறு கிழிந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

கிழியுமா என்று கேட்டேன். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமானது, உள்ளே போனது மேலே வராது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8-லிருந்து 15 லிட்டர் வரைதான், எங்கள் மட்டக்குதிரைக்கு இன்னும் குறைவு. அதற்குப் பின்னால் சிறுகுடலே 20 மீட்டர் சொச்சம், அப்புறம் பெருங்குடல், அது வயிற்றுக்குள் இரண்டாக மடிந்து கிடக்கிறது, மடிப்புத் திரும்பும் இடத்தில் திடுதிப்பென்று ஒடுங்குகிறது. தண்ணீர் குறைந்த தீனி அடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை உள்ளே விட்டார்கள். விட்டபடியே வாயால் குழாயில் ஊதி, கழுத்தின் இடது பக்கத்தைப் பார்த்தார்கள். ஊதும்போது அங்கே லேசாக உப்பி அமுங்கியது. அப்படி உப்பினால் உணவுக்குழாயில் போகிறது, இல்லையென்றால் மூச்சுக்குழாயில் போகிறது. உள்ளே தேங்கியது எதுவும் திரும்பி வழியவில்லை, அது நல்ல சேதி. அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரில் பேதி உப்பைக் கரைத்து உள்ளே விட்டார்கள்.

அப்பா இதையெல்லாம் எண்ணெய்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயில ஊத்தினா என்னம்மா ஆயிடும்?" என்று கேட்டார். எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும், அது தொண்டையில் இறங்குவதே குதிரைக்குச் சரியாகத் தெரியாது, தலையைத் தூக்கிப் பிடித்தால் விழுங்கவும் முடியாது, பாதி நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொன்னார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மறுநாள் இருமுமா?" என்றார். "இருமும்ங்கய்யா." "மூக்குல நாத்தம் புடிச்ச சளி வருமா?" "வரும்." "நாலாம் நாள்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அவருடைய ஜட்காக் குதிரை செத்தது எனக்கு ஏழெட்டு வயதில். சூலையில் போச்சு என்றுதான் இத்தனை வருடமும் வீட்டில் பேச்சு. அப்பா கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

இதற்கப்புறம்தான் நான் மறக்கவே முடியாத விஷயம். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் அடியில், முன்னங்கால்களுக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் குனிந்திருந்தார்கள். பிறகு என் காதில் மாட்டிவிட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அலை கரைக்கு வந்து திரும்பும்போது மணலை இழுத்துக்கொண்டு போகுமே, சர்ர்ர் என்று, அந்தச் சத்தம். எங்கள் வாசலில் தினமும் கேட்கிற சத்தம், குதிரையின் வயிற்றுக்குள் கேட்டது.

"எதில வச்சுத் தீனி போடறீங்க?" என்றார்கள்.

தரையில்தான். லாயத்திலும் மண் தரை, கடற்கரையிலும் மணல். கொள்ளையும் தவிட்டையும் தொட்டியில் வைத்தாலும் சிந்தியதை உதட்டால் துழாவித் துழாவிப் பொறுக்கும், ஒரு பருக்கைக்கு ஒரு வாய் மணல். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடலைக்கொடி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து அறுவடை சமயத்தில் மலிவாக வரும், குதிரைக்கும் உயிர். ஆனால் வேரோடு பிடுங்கிய கொடி, வேர் முழுக்கச் செம்மண். அதை உதறாமல், அலசாமல், மணல் மேல் போட்டு ஊட்டியிருக்கிறேன், வருடக்கணக்காக. உள்ளே போன மணல் குடலின் அடியில் படிந்து படிந்து, தண்ணீர் குடிக்காத ஒரு நாளில் அடைத்துக்கொண்டது.

அடுத்த நான்கு நாள் தினமும் வந்து, மூக்குக் குழாய் வழியாகப் பேதி உப்போடு இசப்கோல் உமியும் கலந்து விட்டார்கள். உப்பையும் உமியையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட மணல் நன்றாக வெளியேறுமாம். கரைத்த உடனே விட வேண்டும், இரண்டு நிமிடம் விட்டால் கூழாகி குழாயையே அடைத்துவிடும். அளவு, இரண்டும் தலா, ஒரு கிலோ உடல் எடைக்கு 1 கிராம். குதிரையை எங்கே போய் எடை போடுவது? நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, உடம்பு நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். செல்லிக்குச் சுற்றளவு 145, நீளம் 140, ஆக 248 கிலோ. டெய்லர் கடை டேப் போதும்.

மூன்றாம் நாள் காலை லத்தி போட்டது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேனா தெரியாது. வாளியில் கரைத்து மேல் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் இரண்டு கைப்பிடி மணல், சுத்தமாகக் கழுவிய கடற்கரை மணல்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், முதலில் தரை. தீனி வைக்கும் இடத்தில் சிமெண்ட் தளம் போட்டு மேலே ரப்பர் பாய் விரித்தேன், தினமும் கூட்டிவிட்டுத்தான் தீனி. கடற்கரையில் தீனியே கிடையாது, நெஞ்சு உயரத்தில் கட்டிய வலைப்பையில் புல் மட்டும். இந்த வலைப்பையில் ஒரு கூத்து நடந்தது. தேவனாம்பட்டினத்தில் பழைய மீன்வலைக்கா பஞ்சம் என்று நைலான் வலையில் தைத்தேன். இரண்டே நாளில் கடித்து நூல் நூலாக்கிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, மணலாவது வெளியே வரும், நைலான் நூல் வருமா என்று திட்டிய திட்டு இருக்கிறதே. இப்போது தடித்த கயிற்றில் பின்னியது. கால் மாட்டாத உயரத்தில் கட்ட வேண்டும், புல் தீர்ந்தால் பை தொங்கி இறங்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

கடலைக்கொடியை நிறுத்தவில்லை. வேரை வெட்டி எறிந்துவிட்டு, உதறி, தண்ணீரில் அலசித்தான் போடுகிறோம். வேலைதான்.

மாதத்தில் ஒரு வாரம் இசப்கோல், தவிட்டில் பிசறி. தினமும் கொடுத்தால் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதையே தின்னப் பழகிவிடும், அப்புறம் மணலைத் தள்ளாது. ஞாயிறுதோறும் ஒரு சோதனை: குவியலின் மேல்பக்கத்திலிருந்து, தரையில் படாத ஆறு உருண்டைகளை எடுத்து, வாய்ப்பக்கம் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கரைத்து, இருபது நிமிடம் ஆடாமல் வைத்தால் மணல் அடியில் தங்கும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் இருந்தால் உஷாராக வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் உள்ளே மணலே இல்லை என்று நம்பிவிடவும் கூடாது, வெளியே வராமல் உள்ளேயே தங்கியிருக்கவும் கூடும்.

தண்ணீர் வீட்டிலிருந்தே கேனில் போகிறது, தினமும் ஒரு சின்னக் கைப்பிடி உப்பு தீனியில். புதுத் தீனி எதுவானாலும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. வருடம் ஒருமுறை பல்லை அரத்தால் ராவுவது, பல் கூராக இருந்தால் புல்லைச் சரியாக மெல்லாது, மெல்லாத புல் அடைக்கும். குடற்புழு மருந்து லத்தியைப் பரிசோதித்துவிட்டு. கொள்ளு ஊறவைத்துத்தான், அதுவும் ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், செய்வதுதான் இல்லை.

மணல் ஒன்றுதான் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரே தண்ணீரில் நின்றதே, அந்த வாரம் இரண்டு குதிரைகளும் ஐந்து நாள் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. பச்சைப் புல் கிடைக்காமல் வெறும் வைக்கோல். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் சரியாகக் குடிக்கவில்லை. நான்காம் நாள் இளையவனுக்கு, அதாவது செல்லியோடு இருக்கும் இன்னொரு குதிரைக்கு, லத்தி மூன்றே தடவை. வேறு எந்த அறிகுறியும் இல்லை, தின்றுகொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. தீனியை எடுத்துவிட்டுப் போன் போட்டேன், நாடி 44 என்று சொன்னேன், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் வெல்லமும் போட்டு வைக்கச் சொன்னார்கள், குடித்தது, தெருவில் தண்ணீர் வடிந்த பக்கமாக நடத்தினோம். ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. டாக்டர் கிடைக்காத நேரத்தில் 1962 என்ற எண்ணுக்குப் போட்டால் அரசுக் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வண்டி, குதிரையை ஏற்றும் பலகை, யாரைக் கூப்பிடுவது, எல்லாம் முன்னாடியே பேசி வையுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு யோசித்தால் ஒன்றும் ஓடாது.

அப்பா இப்போது லாயக் கதவில் சாக்பீசால் கோடு போடுகிறார். ஒரு லத்திக்கு ஒரு கோடு, இரண்டு குதிரைக்கும் தனித்தனியாக, ராத்திரி படுக்கும் முன் எண்ணிவிட்டு அழிப்பார். நேற்று செல்லிக்கு ஒன்பது, இளையவனுக்கு ஆறு. வழக்கமாக அவனுக்கு எட்டுக்குக் குறையாது. இதை எழுதி முடித்ததும் போய் அவன் வாளியில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்பா அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.